ரோவரின் கொட்டாவி

எதிர்வீட்டுக்காரர் தம் நாயை உட்காரப் பழக்குகிறார். பிஸ்கட்டை உயர்த்துவதற்குள் அது கொட்டாவி விடுகிறது. "தூக்கக் கலக்கம்" என்கிறார். நான் நம்பவில்லை. அந்தக் கொட்டாவியை எனக்குத் தெரியும்.

பிஸ்கட் வாசம் என்னை இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே இழுத்துப் போய்விட்டது. அங்கே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடை வேலைக்கு நான் புதிது. தூள் களவு போகிறது என்று தோட்டத்தை நிர்வகித்த துரைக்குச் சந்தேகம். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் ஐயா, ரோவர் என்ற நாயை மோப்பத்துக்குப் பழக்க ஆரம்பித்தார். வரிசையாக, ஆட்கள் குளிருக்குப் போர்த்தும் கம்பளிகள், ஒன்றில் மட்டும் தூள் முடிச்சு. அதன் முன் உட்கார்ந்தால் பிஸ்கட், தவறினால் பிரம்பு. பிரம்பு எழுமுன்பே ரோவர் கொட்டாவி விடும், மூக்கை நக்கும், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நடுங்கும். கண் கம்பளியில் இருக்காது. ஐயாவின் கையில் இருக்கும். ஸ்டோர் ஆட்களில் தேயிலை மணக்காத கம்பளி யாரிடம் இருக்கிறது? அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நாளைக்கு நாய்க்கு முன்னால் ஆட்களையே கம்பளியோடு வரிசையாக நிறுத்தப்போகிறார்கள் என்றதும், தண்ணீர் கொட்டும் பீலியடியில் கூட்டம். குளிரில் கம்பளி துவைத்தோம், ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்தபடி.

"ஏன்டா, ரெண்டாந்தடவ சோப்புப் போடுற?"

"நீ ஏன்டா எண்ணிக்கிட்டு இருக்க?"

ஒன்றுமே எடுக்காத நான் மூன்றாம் தடவை போட்டேன். லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா மட்டும் துவைக்கவில்லை. "எடுத்தவுக நனைக்கட்டும். எனக்கென்ன?" பிடிபட்டால் வேலையோடு குடியிருக்கும் காம்பராவும் போகும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

காலையில் ரோவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. ஈரக் கம்பளிகளைத் தாண்டி, அக்காவின் காய்ந்த கம்பளி முன் உட்கார்ந்தது. ஐயாவின் பிரம்பு லேசாக அசைந்தது போலிருந்தது எனக்கு.

அக்கா துரையைப் பார்த்தாள். "தொரைங்களே, ஐயா பெரம்பக் கீழ வச்சிட்டு இன்னொருவாட்டி விடச் சொல்லுங்க."

பிரம்பு கீழே போனது. ரோவர் முதல் ஆள் முன் உட்கார்ந்தது. அடுத்த ஆள் முன். சோப்பையும் மீறி என் முன்னும். கடைசியில் துரையின் காலடியில் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்காக அண்ணாந்தது. கொட்டாவியே இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

"போ, வேலைக்குப் போ" என்றார் துரை.

அக்கா தப்பினாள். தூளை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. லயத்துக்கு முன்னால் எல்லாருடைய கம்பளியும் சேர்ந்து காய்ந்த நீளக் கொடியில் அதற்குப் பிறகு யாரும் எதையும் போடவில்லை. அவரவர் கம்பளி அவரவர் அடுப்புப் புகையில் காய்ந்தது. வெறுங்கொடி கொஞ்ச நாள் பனியில் தொங்கியது. ஒரு காலையில் அதுவும் இல்லை. அவிழ்த்தது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.