மேல்வீட்டுக்காரி

வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் அவளை மேல்வீட்டுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டிக்கொண்டிருந்த இரட்டை அடுக்குமாடிகளுக்கு நடுவே நின்ற கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுக்கு வேலை. காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். இறங்க அலுப்பாக இருந்தால் அதையும் மேலேயே முடித்துக்கொள்வாள்.

சொந்த ஊரில் மரக்கிடங்கு ஒன்றில் சின்ன கிரேன் ஓட்டியவள். கிடங்கை மூடியதும், பள்ளி வேன் ஓட்டும் கணவனிடம் மூன்றாவது படிக்கும் மகளை விட்டுவிட்டு, "ஒரே ஒரு வருஷம், ஓடிப் போயிடும்" என்று சொல்லி இந்தப் பெருநகரத்துக்கு வந்தாள்.

முதலில் ஓடவே இல்லை. தையல்காரி ஒருத்தியோடு பங்கு போட்டுக்கொண்ட அறையில் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மகளுக்கு முன்பல் விழுந்ததைப் போனில்தான் பார்த்தாள். ஓட்டை வாயைக் காட்டி மகள் சிரிக்க, இவள் அன்றைக்கெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். விரலை இப்படி அசைத்தால் இரும்புத் தூண் ஒன்று சொன்ன பேச்சுக் கேட்டு எழுந்து வரும். நகரம் முழுக்கக் காலடியில். மழை எந்தப் பக்கமாக ஊருக்குள் நுழைகிறது என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். கீழிருந்து கொடி காட்டி, வாக்கி டாக்கியில் வழி சொல்லும் கொடிக்காரரிடம், "அண்ணே, மழை ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிடுச்சு, சிமெண்ட்ட மூடச் சொல்லுங்க" என்பாள். அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

வருஷம் முடியும் சமயத்தில் கணவன் போன் செய்தான்.

"நம்ம ஊர்ல புதுசா வந்திருக்கற குடோன்ல கிரேனுக்கு ஆள் எடுக்கறாங்க. உனக்குன்னு பேசி வச்சிட்டேன்!"

"அப்படியா?"

"என்ன, இழுக்கற? துள்ளிக் குதிப்பேன்னு பாத்தேன்."

"சந்தோஷத்துல வார்த்தை வரலங்க."

தையல்காரி ஊசியில் நூல் கோர்த்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். "வீட்டுக்குப் போறவ மூஞ்சியா இது? பல்லு புடுங்கப் போறவ மாதிரி இருக்க."

அதுதான் அவளைச் சுட்டது. பெற்ற பிள்ளையிடம் திரும்பிப் போக எந்தத் தாய்க்காவது மனசு வராமல் போகுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளை அழைத்துப்போகக் கணவனும் மகளும் வந்து இறங்கிய அன்றுதான் இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் இரும்புப் பாலத்தைத் தூக்க வேண்டியிருந்தது. அதையாவது நான்தான் தூக்குவேன் என்று கேட்டு வாங்கியிருந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், தடுப்புக்குப் பின்னால், கணவன் பெட்டியோடும் மகளோடும் நின்றான்.

பாலம் தரையை விட்டுக் கிளம்பி நிதானமாக ஏறியது. பாதிக்கு மேல் போனதும் காற்று திசை மாறியது. பாலம் ஆடத் தொடங்க, அதன் ஓரங்களில் கட்டிய கயிற்றைக் கீழே நின்று பிடித்திருந்தவர்கள் இழுபட்டார்கள்.

"மேல்வீட்டம்மா, இறக்கிடலாமா?" கொடிக்காரர் அவசரமாகக் கேட்டார்.

"பொறுங்கண்ணே. இப்ப இறக்கினா சுவத்துல இடிச்சிடும். ஆடி அடங்கட்டும்."

பாலம் போகிற பக்கமே கிரேனின் கையையும் மெல்லக் கொண்டுபோனாள். அது திரும்ப நினைக்கும் நேரத்தில் நிறுத்தினாள். மறுபடியும் அதே மாதிரி. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுச் சமாதானம் செய்கிற பக்குவம் கையில் வந்திருந்தது. ஆட்டம் குறைந்தது, நின்றது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே பாலம் வந்து உட்கார்ந்தபோது கீழே எழுந்த கூச்சல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. கூண்டுக்குள் தனியாக அவளும் கத்தினாள்.

இறங்கி வந்ததும் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீயா தூக்கின? அப்பா கண்ண மூடிக்கிட்டாரு!"

"தூசி" என்றான் கணவன். பிறகு, "எப்ப கிளம்பலாம்?" என்று கேட்டான்.

அவளால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "உங்களையும் பாப்பாவையும் விட்டுட்டு என்னால இருக்க முடியல. இத விட்டுட்டும் வர முடியலங்க. ரெண்டும் நெசம்."

"ஒரு வருஷம்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். அப்ப எனக்கு இது தெரியாது."

அவன் முகம் தொங்கிப்போனது. மகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினான். சில நாள் போனில் மகளின் குரல் மட்டும்தான் வந்தது. ஒரு நாள் திடீரென்று அவனே பேசினான்.

"அந்த ஊர்ல ஸ்கூல் வேனுக்கெல்லாம் ஆள் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். உடனே வீடு பாக்கக் கிளம்பிடாத."

அவள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

பள்ளி திறப்பதற்குள் மூவரும் ஒரே வீட்டில். கணவன் ஒருவழிப்பாதைகளைச் சபித்துக்கொண்டே வேன் ஓட்டுகிறான். தோழிகளை விட்டுவந்த கோபத்தில் மகள் சில நாள் சோற்றைக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் தன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து மகள் தட்டில் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகும். கண்ணில் பட்ட பஸ்ஸில் மூவரும் ஏறிக்கொள்வார்கள். எங்கே இறங்குவது என்று மகள்தான் சொல்ல வேண்டும், அதுவும் கடைசி நிமிஷத்தில், கத்தி.