தட்டிப் பார்க்காத வீடு

இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக்கில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், சாப்பிட்டு முடித்ததும் பெரில் தட்டைத் திருப்பி அடியில் எந்த ஆலையின் முத்திரை என்று பார்த்துவிடுவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களும் அவள் வீட்டில் அதையேதான் செய்வார்கள். பெரில் பீங்கான் ஆலையில் தரம் பிரிக்கும் மேசையிலேயே தலை நரைத்தவள். சூளையிலிருந்து வரும் தட்டை விரல் நுனியில் ஏந்திச் சின்னக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஆலையை விட்டு வந்த பிறகும், கடையில் கோப்பை வாங்கினால் நகத்தால் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளை இரண்டு காகிதங்கள் திருதிருவென்று விழிக்க வைத்துவிட்டன.

அடுத்த தெருவிலிருந்த வீட்டைச் சித்தி அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள். பெரில் அதை லீயானுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். லீயான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். கூட அவள் குழந்தை மைலோ, இன்னும் இரண்டு வயதாகவில்லை. வாடகை வீடென்றால் மின்சாரச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கவேண்டும், அது சட்டம். பெரிலின் தங்கை புருஷன் கிளைவுக்கு வாடகைக்கு நாலு வீடு உண்டு. அவன்தான் கேவின் என்ற எலக்ட்ரீஷியனை அனுப்பிவைத்தான்.

"மத்தவனுங்க கேக்கறதுல பாதிதான் வாங்குவான். மடமடன்னு முடிச்சுக் குடுத்துருவான்," என்றான் கிளைவ்.

கேவின் வந்தான். வாயெல்லாம் பல். லீயான் வேலைக்குப் போயிருந்ததால் பெரில்தான் கூட இருந்தாள். அடுப்படியில் ரேடியோவைப் பாட விட்டுக் கெட்டிலைப் போட்டாள். அவன் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தான். நடுநடுவே வந்து டீ குடித்தான், பிஸ்கட் தின்றான்.

"இந்த டீக்காகவே வருஷா வருஷம் வரலாம் போலருக்கே, கண்ணு!"

இந்த ஊரில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் எல்லோரும் கண்ணுதான். பெரிலுக்கு மனசு குளிர்ந்துபோய் இன்னொரு கோப்பை ஊற்றினாள். ரேடியோவில் அவளுக்குப் பிடித்த நிகழ்ச்சி முடிவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். சாயங்காலமே சான்றிதழ் வந்தது: திருப்திகரம். பெரில் பழக்கதோஷத்தில் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு முன்பக்கம் இருந்த எலக்ட்ரீஷியன் சங்க முத்திரையைப் பார்த்தாள். நல்ல முத்திரைதான்.

கொஞ்ச நாளில் லீயான் வாடகை கொடுக்க வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பெரில், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கரண்ட் ஷவர்ல குளிக்கறப்போ குழாயைத் தொட்டா சுர்ருங்குது."

"இப்பத்தானே கண்ணு சோதனை பண்ணினோம்?"

"தெரியும். ஆனா சுர்ருங்குது."

பெரிலுக்கு மனசு கேட்கவில்லை. கிளைவிடம் சொல்லாமல், விளம்பரம் பார்த்து ஹஃப்டன் என்று ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் சொன்ன கூலியைக் கேட்டதும் கையிலிருந்த போன் நழுவப் பார்த்தது. கேவினுக்குக் கொடுத்ததைப்போல மூன்று பங்கு! ஆளும் சிரித்துப் பேசுகிற ரகமில்லை. வந்ததும் வராததுமாக வீட்டு மின்சாரத்தை நிறுத்தினார்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டாள் பெரில்.

"எதுல போடுவீங்க? கரண்ட் இல்லையே. மத்தியானம் வரைக்கும் வராது."

டீ போடக்கூட விடாத மனுஷனை என்ன சொல்வது? குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருந்த பெரிலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினார், மாட்டினார், முணுமுணுத்தார். கடைசியில் சொன்னார்:

"ஷவருக்கு எர்த்தே இல்லம்மா. எங்கயோ அறுந்திருக்கு. சரி பண்ற வரைக்கும் யாரும் இதைப் போடக்கூடாது."

ஷவரின் சுவிட்சை அணைத்து அதன்மேல் சிவப்பு டேப்பும் ஒட்டிவிட்டுப் போனார். அவருடைய சான்றிதழும் வந்தது: திருப்தியில்லை. சரிசெய்ய ஆகும் செலவும் கூடவே வந்தது.

பெரில் இரண்டு காகிதங்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே வீடு, அதே கம்பி. இரண்டிலும் ஒரே முத்திரை! ஒரே முத்திரை போட்ட இரண்டு தட்டில் ஒன்று நல்லது, ஒன்று விரிசல் என்றால் தட்டிப் பார்த்துவிடலாம். காகிதத்தை எங்கே போய்த் தட்டுவது? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கிளைவ் வந்து பார்த்தான்.

"உனக்கு மூளை இருக்கா, பெரில்? சோதனை பண்றவனே ரிப்பேரும் பண்றான். அவன் எப்படிப் பாஸ் போடுவான்? சரியா இருக்கிற வீட்டையெல்லாம் சரியில்லைன்னாத்தானே அவனுக்குப் பொழப்பு!"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியே பார்த்தால், பாதிக் கூலிக்கு வருகிறவன் எப்படி முழுதாகப் பார்த்திருப்பான் என்பதும் நியாயமாகப் பட்டது. மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, டீ குடித்தவனையே நம்புவதென்று பெரில் முடிவுசெய்தாள். போய்ச் சிவப்பு டேப்பை உரித்துச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், சுவிட்சைப் போட்டாள்.

"தாராளமா குளி, கண்ணு. சான்றிதழ் இருக்கு."

லீயான் தலையை ஆட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓட்ஸ் மாவில் தோசைபோல் வார்த்த சூடான ஓட்கேக்கில் சீஸும் பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெரில் அங்கே போனாள். முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் மைலோ அம்மணமாக உட்கார்ந்திருந்தான். லீயான் கெட்டிலைக் கொண்டுவந்து, கொதிநீரைக் குளிர்ந்த நீர் வாளியில் கலந்து, கைவிட்டுப் பார்த்து, கோப்பை கோப்பையாக அவன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு இது? ஷவர் ஓடலையா?"

"ஓடுது."

"அப்புறம்?"

லீயான் நிமிரவில்லை. "நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குளிச்சிடறேன். நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க, நான் திரும்பத் திரும்ப இல்லைன்னா, வேற வீடு பாருன்னுடுவீங்களோன்னு பயம். இவனை மட்டும் அதுக்குக் கீழ நிறுத்த மனசு வரலை."

ஓட்கேக் பொட்டலம் பெரிலின் கையிலேயே இருந்தது. லீயான் எழுந்துபோய்க் கெட்டிலை மறுபடி போட்டாள். அது சீறிக் கொதித்து டக்கென்று நின்றது.

அந்தச் சத்தம்! அன்றைக்கு இதே அடுப்படியில், இதே கெட்டிலில், எத்தனை தடவை கேட்டாள்? ரேடியோ ஒரு பாட்டுகூட விட்டுப்போகாமல் பாடியதே! ஹஃப்டன் முதல் வேலையாக நிறுத்திய மின்சாரம், கேவின் வந்ததிலிருந்து போனது வரைக்கும் இந்த வீட்டில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவன் எதைத்தான் சோதித்தான்? அவள் டீயைத்தான் சோதித்திருக்கிறான். ஆலையில் அவள் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, தட்டிப் பார்க்காமலே பெட்டி நிரப்பினாள் என்று ஊரே காறித் துப்பியது. அதில் முதல் ஆள் பெரில்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. விடுவிடுவென்று மாடியேறிச் சுவிட்சை அணைத்தாள். கோட்டுப் பையிலிருந்த டேப்பைப் பிரித்து ஒட்டினாள். பசை போயிருந்தது, ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

கீழே வந்து, "ஹஃப்டனை நாளைக்கே வரச் சொல்றேன்," என்றாள். "அந்தப் பய சோதிக்கவேயில்ல கண்ணு. நான் டீ போட்டுக் குடுத்துட்டு, நல்லாருக்குன்னு உன்கிட்ட வந்து சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு. வேற வீடு பாருன்னு நான் எந்தக் காலத்துலயும் சொல்லமாட்டேன். கிளம்பு, பிள்ளையைத் தூக்கு. எங்க வீட்டு ஷவர்ல குளிப்பாட்டலாம்."

லீயான் துண்டை எடுக்கவில்லை. பெரிலைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"உங்க வீட்டை யாராவது சோதிச்சுப் பாத்திருக்காங்களா, பெரில்?"

பெரிலுடையது சொந்த வீடு, யாரும் சட்டம் பேசவில்லை, சோதிக்க யாரும் வந்ததுமில்லை. அவளும் அந்த ஷவரில்தான் தினம் குளிக்கிறாள்.

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"கெட்டிலை இன்னொரு தடவை போடு, கண்ணு," என்றாள். "தண்ணி ஆறிப்போச்சு."