வெல்லம் வாங்கிக் கொடுத்த முதலாளி

மந்தைவெளியில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. துருப்பிடித்த கேட்டுகளையும் கிரில்களையும் கொண்டுவருவார்கள். கம்ப்ரஸர் காற்றில் ஆற்று மணலைப் பீய்ச்சி அடித்து, பெயிண்ட் அடிக்கத் தோதாகச் சுத்தம் செய்து கொடுப்போம். குழாயைப் பிடிப்பவர் ஒரே ஆள்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால், வெளியே வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும்.

வேலை முடிந்ததும் அவர் கையில் ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பேன். உள்ளே போன தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் நம்பிக்கை. மயிலாப்பூர் மாட வீதியில் நல்ல வெல்லமாகத் தேடி வாங்குவேன். என்னைப் போல முதலாளி உண்டா என்று பீற்றல் வேறு. மடையன்!

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது, விடவேயில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். "இன்னா சார், சளிதான். இன்னும் ரெண்டு உருண்டை குடு, சரியா பூடும்" என்பார். அடையாறில் ஒரு டாக்டரிடம் நானே இழுத்துப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வெல்லத்தைப் பற்றியும் பெருமையாகச் சொன்னேன்.

"வெல்லம் வயித்துக்குப் போகும் சார். மணல் தூள் நுரையீரல்ல உட்கார்ந்திருக்கு. அதை எடுக்க முடியாது. இவர் இனிமே அந்தப் பக்கமே போகக்கூடாது" என்றார்.

மறுநாளே பட்டறையைப் பூட்டிவிட்டு, மணலுக்குப் பதிலாக வேறென்ன இருக்கிறது என்று அலைந்தேன். ஒரு கடையில் தாமிரம் உருக்கிய கறுப்புக் கசடைக் காட்டினார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை. "எல்லாரும் இதான் சார் வாங்கறாங்க" என்றார். பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் மணலையும்தான் வாங்கினார்கள்! கடைசியில் தென்கோடிக் கடற்கரையிலிருந்து வரும் சிவப்பு கார்னெட் மணலை எடுத்தேன். நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா அதில் மிகக் குறைவு என்று பரிசோதனைச் சீட்டைக் காட்டினார்கள். சுத்தமான காற்று வரும் தலைக்கவசமும் வாங்கினேன்.

புது ஆள் முதல் கேட்டை அடித்த அன்று, முன்பு குழாய் பிடித்தவரும் வந்து, வாசலில் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், தூசியே காணோம்! புச்சா வந்துக்கீதா இது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லண்ணே. அஞ்சு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதைச் சாம்பிளுக்குக் கொண்டுவந்து காட்டினார். ஆத்து மணல் இருக்கும்போது இது எதுக்குன்னு நான்தான் திருப்பி அனுப்பிச்சேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அஞ்சு வருசம் மின்னாடி எனக்கு இருமலே கெடையாது, சார்" என்றார்.