எல்லை தாண்டாத பேனா

டாக்டர் அங்கிளுக்காக நான் கடைந்தவை இரண்டே பேனாக்கள். ஒன்று டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கும் அவருடைய மகனின் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றொன்று இன்றுவரை நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கை விட்டு நகரவில்லை. உடல் கருங்காலி மரம், நடுவே இரண்டு விரற்கடை அகலத்துக்கு யானைத் தந்தம். அங்கிள் போய்ச் சேர்ந்த பிறகும், அந்த வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் அது அப்படியே இருக்கிறது. நான் செய்ததிலேயே நல்ல பேனா அதுதான். என்னைப் படாதபாடு படுத்தியதும் அதுதான்.

வாரநாட்களில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுக் காகிதங்களைச் சரிபார்ப்பவள். வார இறுதியில் கராஜில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தைப் போட்டு மரப் பேனா கடைவேன். கார் பனியில் நிற்கிறது, லேத் உள்ளே சொகுசாக இருக்கிறது என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர் டாக்டர் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர். ஒரு சனிக்கிழமை காலை, துண்டில் சுற்றிய எதையோ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பிரித்தால் தந்தத்தில் ஒரு கைத்தடிப் பிடி. அவருடைய அப்பாவின் தடி. மரம் எப்போதோ முறிந்துவிட, பிடி மட்டும் அவரோடு ஊரைவிட்டு வந்திருக்கிறது. "மகனுக்கு ஒண்டு, மகளுக்கு ஒண்டு. ரெண்டு பேனை செய்து தாரும், பிள்ளை. டொக்டர்மார் எனக்கு நாள் குறிச்சிட்டினம்" என்றார். மற்றவர்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்த அதே நிதானத்தில் சொன்னார்.

எனக்குக் கை பரபரத்தது உண்மை. ஆனால் காகிதம் பார்த்துப் பழகிய புத்தி சும்மா இருக்குமா? முதலில் சட்டத்தைப் படித்தேன், தெரிந்த வக்கீலிடமும் கேட்டேன். நியூ ஜெர்சியில் தந்தத்தை விற்கக்கூடாது, வாங்கக்கூடாது, விற்கும் எண்ணத்தோடு வைத்திருக்கவும் கூடாது. பணத்துக்குப் பதில் பண்டம் வாங்கினாலும் விற்பனைதான். அவரவர் குடும்பப் பொருளை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆகவே நான் கூலி வாங்காமல் செய்தால் வம்பில்லை. இதைச் சொன்னதும் அங்கிள் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி, ஆன்டி, வாராவாரம் எங்களுக்கு மட்டன் ரோல்ஸ் கொடுத்தனுப்புவார். நானும் டப்பாவை வெறுமனே திருப்பித் தரமாட்டேன், ஒரு பிடி முறுக்காவது போட்டுத்தான் கொடுப்பேன். அந்தப் போக்குவரத்து அன்றோடு நின்றது. "அது கூலியாப் போயிடும். பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பப் போறீரோ?" என்று ஆன்டியை அதட்டிவிட்டார். சட்டத்தை மதித்தால் இத்தனை பசிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தந்தம் சூடு தாங்காது, விரிசல் விட்டுவிடும். லேத்தை மெதுவாக ஓடவிட்டு, உளியை அழுத்தாமல், அடிக்கடி நிறுத்தி ஆறவைத்துக் கடைய வேண்டியிருந்தது. முதல் தூள் பறந்ததும் பல் டாக்டரிடம் வரும் அதே வாசனை வந்தது. இது ஒரு உயிரின் பல் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி வாழ்நாளில் இன்னொரு துண்டைத் தொடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். தொட்டுவிட்ட இதை ஒரு துணுக்கும் வீணாக்காமல் முடிப்பேன் என்றும்.

மகன் வந்து அவன் பேனாவை வாங்கிப் போனான். மகள் டொராண்டோவில் இருந்தாள். ஏழு வருடமாக அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. அவள் கட்டிக்கொண்டவரும் தமிழர்தான், யாழ்ப்பாணம்தான். சாதிதான் வேறு. அங்கிள் கல்யாணத்துக்குப் போகவில்லை. எந்த வீட்டுக் குழந்தை என்று கேட்காமல் ஊரெல்லாம் வைத்தியம் பார்த்த மனிதர், சொந்த மகளிடம் இப்படி நடந்துகொண்டாரே என்று எனக்கு அவர் மேல் கடுங்கோபம் இருந்தது. அந்தக் கோபம் இப்போதும் முழுக்க ஆறிவிடவில்லை. நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக டொராண்டோ போகவிருந்தோம். "போகேக்க இதை அவளிட்டக் குடுத்துவிடும்" என்றார். மன்னிப்பை என் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

நாடு விட்டு நாடு தந்தம் போக வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு அது எப்போது, எப்படி இங்கே வந்தது என்று காட்ட வேண்டும். அங்கிளிடம் இருந்தது அப்பா தடியோடு நிற்கும் ஒரு பழைய புகைப்படம் மட்டும். அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், மறுபடி எழுதினேன். அது போதாது என்றே பதில் வந்தது. நாள் நெருங்கியது, அங்கிள் மெலிந்துகொண்டே வந்தார். கடைசியில் நானே, காகிதத்தில் ஒரு தேதி மாறினாலும் கையெழுத்துப் போடாத நான், அந்த யோசனையைச் சொன்னேன். "ஹேண்ட்பேக்ல போட்டுக்கறேன் அங்கிள். பார்டர்ல கேட்டா மாட்டெலும்புன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "என்ர அப்பாவை மாட்டெலும்பு எண்டு சொல்லப் போறீரோ, பிள்ளை?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆன்டியிடம் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மகளை அவரே கூப்பிட்டார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"உனக்கு ஒரு பேனை வைச்சிருக்கிறன். அப்பப்பான்ர தடியில செய்தது. அனுப்ப ஏலாது, சட்டம் விடாது. வந்து எழுதிப் பார்."

"நைன் ஹவர்ஸ் டிரைவ் பண்ணி வந்து, அதை எடுக்காமலே போறதா, அப்பா?"

"ஓம்."

"நான் தனிய வரமாட்டன்."

ஆன்டி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். அங்கிள் போனை மேசையில் வைத்து, இரண்டு கையையும் அதன் இருபுறமும் ஊன்றிக்கொண்டார். "தனிய வா எண்டு நான் சொல்லேல்லை" என்றார்.

அடுத்த வாரமே இரண்டு பேரும் வந்தார்கள். நானும் இருக்க வேண்டும் என்று அங்கிள் சொல்லியிருந்ததால் பேனாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். மகள் அப்பாவின் நாற்காலிக்கு அருகே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலை வைத்துக்கொண்டாள். அவள் கணவர் ஜாக்கெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாதவராக வாசல் பக்கமே நின்றார். நான் பேனாவை மகளிடம் நீட்டினேன். அங்கிள் கையை நீட்டி அதைத் தானே வாங்கிக்கொண்டார். வாங்கி, வாசல் பக்கம் நீட்டினார்.

"மருமகன், நீர் முதல் எழுதிப் பாரும்."

அவர் வந்து வாங்கினார். "என்ன எழுத, மாமா?"

"உம்மட பேரை எழுதும்."

அந்த வீட்டில் ஏழு வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவர் எழுதினார். அங்கிள் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை முகத்தருகே கொண்டுபோய், அடுக்களையில் நின்ற ஆன்டிக்கும் கேட்கும்படி அதைச் சத்தமாக வாசித்தார்.