வெள்ளிக் கிண்டியும் கடைமடைத் தண்ணீரும்

மலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவர் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். என் மாமா ஒரு பழைய வெள்ளிப் பாத்திரத்தோடு தோவாளைக்கு வந்து சேர்ந்தார். கலசம் போன்ற உருவம், கழுத்தைச் சுற்றி இலைத் தோரணம், இருபுறமும் ஆட்டுக்கடாத் தலை, வளைந்து மெலிந்த மூக்கு. மேல்மூடி நசுங்கித் திறக்க மறுத்தது. கைப்பிடிக்கருகில் திருகுமூடி போட்ட சின்ன வாய் ஒன்று இருந்தது. மூக்கு இருந்ததால் அது விருந்தாளிக்குக் கைகழுவ ஊற்றும் கிண்டி என்று மாமா தீர்மானித்தார். மறுத்துச் சொல்ல எவருக்கும் தெரியவில்லை. தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவான எனக்கும்தான்.

அந்த வருஷம் கும்பப்பூப் போகத்தில் கதிர் வெளிவரும் நேரம், மாமாவின் கடைமடை வயல் வெடித்துக் கிடந்தது. கால்வாயைப் பார்க்க வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் முதலில் மாமா வீட்டில் இறங்கினார். அதிகாரிகளை வரவேற்கும் விதிமுறைகள் எனக்கு மனப்பாடம் என்பதால், மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள்.

கிண்டியைத் திருநீறு போட்டுத் துடைத்ததோடு சரி. அதிலிருந்து முதல் தண்ணீர் எஞ்சினியர் துரையின் கையில்தான் விழவேண்டும் என்று மாமாவின் பிடிவாதம். சின்ன வாய் வழியே அப்போதுதான் நிறைத்து, மூடியைத் திருகி, முற்றத்தில் நீட்டியிருந்த துரையின் கைமேல் சரித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. இன்னும் சரித்தார். குலுக்கினார்.

"ஏலே மக்கா, ஒரு செம்புத் தண்ணி ஊத்துனேம்லா. எங்கலே போச்சு?"

"வெங்கலக் கிண்டிய எடுங்கன்னு தலபாடா அடிச்சேன்," என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "ஆட்டுக்குக் கொம்பு பாத்து வாங்கின ஆளாக்கும்."

துரை அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார். பாத்திரத்துக்குள் பாத்திரம். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் வெந்நீர். உள்ளே இறைச்சிச் சாறு, ஆறாமலிருக்கும். மூக்கு உள்ளறைக்கு மட்டும்தான். சைவ வீட்டு முற்றத்தில் இறைச்சியை மொழிபெயர்க்க விதி ஏதும் இல்லை. குழம்பு என்றேன்.

மாமா குழம்பைக் கவனிக்கவில்லை. "அப்பொ எனக்க வயல் கதையும் இதேதான்னு சொல்லு. கால்வாய் நெறையத் தண்ணி கெடக்கு. எனக்க மடைக்கு வராது."

சொன்னேன். துரை பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுவாத கையோடு வயலுக்கு நடந்தார். அந்த வாரமே தண்ணீர் வந்தது. மேல்மடைக்காரர்களின் முறை அப்போது முடிந்திருக்கவில்லை. கச்சேரிக்கு உத்தரவு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என் கை வழியாகத்தான் போயிருக்கும். எந்த விதியின்படி தண்ணீர் வந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த போகத்தில் தண்ணீர் நின்றதும், வாய்க்கால் பார்க்க வந்த ஓவர்சியரின் கைமேல் அதே பாத்திரத்தைச் சரித்து அதே வார்த்தைகளைச் சொன்னார். ஓவர்சியர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போனார். பயிர் கருகியது.

"அன்னைக்குத் துரைட்ட நீ வேற என்னமாம் சேத்துச் சொன்னியாலே?" என்று மாமா கேட்டார்.

துரையிடம் நான் எதையும் சேர்க்கவில்லை. மாமாவிடம்தான் இறைச்சியைக் குறைத்திருந்தேன்.