ஆறு பழம், நாலு இளநீர்

சிக்கந்தர் மாமாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அனுமந்தன்பட்டியில் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். எந்தக் கொடி வாடினாலும் "எது கொறையுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. குறைவதை அள்ளிப் போட்டால் தீர்ந்தது வேலை. வீட்டிலும் அதே வைத்தியம்தான். மனைவி ரம்லத் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அரைக் கிலோ அல்வா வாங்கிப் போவார். அவருக்கு உரம் விற்றவன் நான், ஈஸ்வரபாண்டி. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மாமா, மாப்ள என்றே பழகிவிட்டோம்.

2006 தை மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தேனியில் டாக்டரைப் பார்த்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் என் கடைக்கு வந்து நின்றார்.

"மாப்ள, ரத்தக் குழாயிலயும் இதயத்துலயும் பொடிப்பொடியா உயிரணு இருக்காம். பொட்டாசியம் வெளிய போக அதுல மடை இருக்காம். இந்த மாத்திரை மடையைத் தொறந்து விட்டுரும், பொட்டாசியம் போனதும் குழாய் இறுக்கம் விட்டு விரியும்னு டாக்டர் சொன்னாக."

"நல்லதுதானே மாமா?"

"என்னலே நல்லது? தெனம் ரெண்டு வேளை மடையைத் தொறந்தா உள்ள என்ன மிஞ்சும்? நீ விக்கிற பொட்டாஷ் உரமும் அதே பொட்டாசியந்தானே? காய் பெருக்குற நேரத்துல அது கொறைஞ்சா கொடி என்ன ஆகும், நீயே சொல்லு!"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. இருபது வருடமாகப் பொட்டாஷ் மூட்டை விற்கிறவனிடம் வந்து பொட்டாஷ் சந்தேகம் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? வாழைப்பழத்திலும் இளநீரிலும் அது நிறைய உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். கடைச் சீட்டை எடுத்து, தோட்டத்துக்கு எழுதிக் கொடுப்பது போலவே எழுதினேன்: தினம் ஆறு பழம், நாலு இளநீர், பிரித்துப் பிரித்து. மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் பந்தலுக்கடியில் கால் துவண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ரம்லத் அக்கா போட்ட கூப்பாட்டில் ஓடிப்போய், கூடலூரிலிருந்து வந்த ஜீப்பை மறித்து ஏற்றினேன். நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்று அடிக்கிறது, நின்று யோசிக்கிறது, அப்புறம்தான் அடுத்தது. சின்னமனூர் தாண்டுவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை.

தேனியில் ஊசி மேல் ஊசி போட்டு, மாமா கண் திறந்த பிறகு, பழம், இளநீர்க் கணக்கை அவர் வாயாலேயே கேட்டுவிட்டு டாக்டர் கத்தினார்.

"உடம்பை விட்டா போகுதுன்னு சொன்னேன்? உயிரணுவை விட்டுத் துளி வெளிய வரும், அவ்வளவுதான்! கூடக் குடுத்த பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தை உடம்புலயே நிறுத்தி வைக்கும். அதுக்கு மேல நீங்க கொட்டினா ரத்தத்துல ஏறி இதயம் நின்னே போகும்! யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் சுவரோரமாக ஒதுங்கினேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"யாருமில்ல டாக்டர். என் கோட்டித்தனந்தான், கிறுக்குப் புத்தி."

பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர், பாவம், என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாமா வீடு திரும்பிய மறுநாள் பார்க்கப் போனேன். ரம்லத் அக்கா ஒரு பெரிய வாழைச்சீப்பை என் முன்னால் வைத்தார்.

"இந்தா தம்பி. இனிமே இந்த வீட்டுல இது ஆகாதுன்னுட்டாக."

என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, ஆறு பழம்னு எழுதிக் குடுத்ததே நான்தான்."

"தெரியும். சட்டையைத் தொவைக்கையில சீட்டு கெடைச்சுச்சு. உக்காரு. ஆறையும் என் கண்ணு முன்னாடி தின்னு."

உட்கார்ந்தேன். நாலாவது பழத்தில் எனக்கு மூச்சு முட்டியது. உள்ளே படுத்திருந்த மாமா குரல் கொடுத்தார்.

"ரம்லத்து, நாலு எளனியை மறந்துட்டியே!"