மஸ்கட் கடிகாரம்

அண்ணன் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தான். அதில் ஆறு என்ற எண்ணின் வட்டத்துக்குள் கடுகளவு கேமரா ஒன்று இருந்தது. அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தாள். நான் வங்கி வேலைக்குப் போனபின் அவளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளக் கடற்கரை ஊரிலிருந்து ஓர் அக்கா வந்துகொண்டிருந்தாள். அவளைக் கண்காணிக்கத்தான் அந்தக் கேமரா. வேலைக்கு வருகிறவர்கள் நோயாளிகளை அடிக்கிறார்கள் என்று அண்ணனோடு தங்கியிருந்த எவனோ சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

ஒளித்துவைத்த கேமரா என்றால் அதன் பக்கம் யாரும் திரும்பக்கூடாது. எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமானை யாரால் பார்க்காமல் இருக்க முடியும்? மீன்காரி கூடையை முற்றத்தில் இறக்கிவிட்டு அம்மாவை விசாரிக்க உள்ளே வருவாள். அம்மாவை அரை நிமிடம் பார்ப்பாள், கடிகாரத்தை ஐந்து நிமிடம் பார்ப்பாள். நோயாளிக்காக ஜெபிக்க மாதா கோவிலிலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்று, கைகூப்பியபடியே அண்ணாந்து அதற்கு என்ன விலை இருக்கும் என்று யோசித்தார்கள். இரவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஊரே என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

போதாததற்கு அது தினமும் பத்து நிமிடம் பின்தங்கியது. பேட்டரியைக் கேமரா குடித்துவிட்டால் முள் என்ன செய்யும், பாவம். நான் கண்டுகொள்ளவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் கோவில் மணி அடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறுவாள். கடிகாரத்தைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்னாலிருக்கும் திருகைத் திருகிப் பன்னிரண்டில் நிறுத்துவாள். திரிகால ஜெபம் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்வாள். ஆகவே தினமும் நடுப்பகலில் அவளுடைய முகம் திரை முழுக்க வந்து நிற்கும். கண் இமைக்காமல் என்னையே பார்க்கும். உதடு அசையும். அந்தக் கேமராவில் சத்தம் பதியாது.

அதில் ஒரு துண்டை மின்னஞ்சலில் அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் பதறிப்போய்க் கூப்பிட்டான். அவளுக்குக் கேமரா இருப்பது தெரிந்துவிட்டதாம், குடும்பத்துக்கே சாபம் போடுகிறாளாம். அது ஜெபம் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அதே கோவிலில் பூசைக்கு உதவிசெய்து வளர்ந்தவன்தான். மணி கேட்காத ஊரில் இருந்து இருந்து மறந்துவிட்டான்.

நானோ மெகா சீரியல் பார்க்கிறவளைப் போல ஆகிவிட்டேன். அம்மாவுக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்ததும் கடிகாரத்திலிருந்து கார்டை உருவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அக்கா அம்மாவுக்குத் தலை சீவுவாள், கஞ்சி ஊட்டுவாள். ஏதோ சொல்லுவாள், அம்மா கோணிய வாயால் சிரிப்பாள். என்னைப் பார்த்து அம்மா சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. எரிச்சலாக வந்தது. பொறாமைதான், பொய் சொல்வானேன். படத்தில் ஐந்தரை மணிக்கு நான் வாசலில் தெரிவேன், அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள். அதோடு நிறுத்திவிடுவேன். என்னை நானே எதற்குப் பார்க்க வேண்டும்?

துண்டு துண்டாக அனுப்பினால் போதாது, ஒரு வாரப் படம் முழுக்க வேண்டும் என்றான் அண்ணன். பக்கத்து வீட்டு மருமகன் மஸ்கட்டுக்குத் திரும்பும்போது கார்டைக் கொடுத்தனுப்பினேன். ரகசியம் அல்லவா, முந்திரிக்கொத்துப் பொட்டலத்துக்கு நடுவே வைத்துக் கட்டினேன்.

அண்ணன் கூப்பிட்டது ஓர் இரண்டாவது சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. ஆனாலும் அம்மாவைக் குளிப்பாட்ட அக்கா வந்திருந்தாள்.

"மக்கா, அவளை இண்ணைக்கே நிறுத்து. அம்மைக்க கையில அடிக்கா. எனக்க கண்ணால பாத்தேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை நாள் கண்விழித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். எப்போது என்று கேட்டேன். ராத்திரி ஏழு மணியாம். லைட் மங்கலாம், முதுகுதான் தெரிகிறதாம்.

"இதுல உனக்க நைட்டியை வேற எடுத்து உடுத்திருக்கா. நான் வாங்கீட்டு வந்தேம்லா, பெரிய பூ போட்டது. அதையும் சேத்துக் கேளு."

அக்கா நைட்டி உடுத்தி நான் கண்டதில்லை. ஏழு மணிக்கு அவள் தன் வீட்டில் இருப்பாள். அந்த இரவு நினைவுக்கு வந்தது. அம்மா மூன்றாவது முறையும் மருந்தைத் துப்பி, நல்ல கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அந்தக் கையில்தான் அடி விழுந்தது.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா போய்விடுவாள், நான் நல்ல மகளாகவே இருப்பேன். அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அப்போது கோவில் மணி அடித்தது. அக்கா ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். தினமும் படத்தில் பார்த்த அதே உதடுகள். இப்போதுதான் சத்தத்தோடு கேட்டேன். அவள் ஒரு வரி சொல்ல, கட்டிலிலிருந்து அம்மா குழறிக் குழறி மறுவரி சொன்னாள். அம்மாவுக்கு இவ்வளவு பேச்சு மிச்சமிருந்தது எனக்குத் தெரியாது.

"அண்ணா, அது நான்" என்றேன்.

"நீ அவளைக் காப்பாத்தாண்டாம்."

"அது எனக்க முதுகு. மருந்தைத் துப்பினா, நான்தான் அடிச்சேன்."

அவன் உண்மையிலேயே வழி தெரியாதவனாகக் கேட்டான்.

"அப்போ இனி யாரை நிறுத்துகது?"

அக்கா எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கி, மருந்து நேரம் ஆகிவிட்டது என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு கட்டிலருகே போனேன். அம்மா தன் நல்ல கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.